மீன் வீட்டு ஜன்னல்

பெல்லு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆனால் உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவளுடைய அம்மா சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். அந்தக் கடையில் தொங்கும் அத்தனை பெல்லையும் ஒன்றாக அடித்தாலும் இவள் குரலுக்கு ஈடாகாது என்று தெருவில் எல்லாரும் சொல்வார்கள். அவள் யார் காதிலாவது ரகசியம் சொன்னால், எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பதில் சொல்வார்.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி வகுப்பில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் ஒன்றாம் வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும். டீச்சர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். சிலர் கரும்பலகை முன்னால் வியர்த்து வழிந்து, ‘வணக்கம்’ என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்ததும் உண்டு.

பெல்லுவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. தன் முறை எப்போது வரும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். முறையும் வந்தது. ‘மீன்கள் தண்ணீருக்குள் எப்படி வாழ்கின்றன?’ என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பாடம்.

அது பொருத்தமான பாடம்தான். ஒன்றாம் வகுப்பு அறைக்கு அப்போதுதான் ஒரு கண்ணாடித் தொட்டி வந்திருந்தது. அதில் ஆரஞ்சு நிற மீன்கள் சில நீந்திக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் வால் கறுப்பு. தொட்டியின்மேல் கம்பி வலை போட்ட மூடி ஒன்று இருந்தது.

அவ்வளவு சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் உயிருள்ள மீனை வைப்பதா என்று தலைமையாசிரியை முதலில் தயங்கினார். மீன்களுக்கு ஏதாவது ஆனால் தொட்டி தன் அறைக்கு வந்துவிடும் என்று சொல்லித்தான் சம்மதித்தார். அவருடைய அறைக்குள் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பந்து போயிருக்கிறது, விசில் போயிருக்கிறது, ஒரு குடைகூடப் போயிருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் பெல்லு விழுந்து விழுந்து படித்தாள். படித்ததை எல்லாம் கடைக்கு வந்தவர்களிடம் ஒப்பித்தாள். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் மீனுக்குக் கண்ணிமை இல்லை என்று தெரிந்துகொண்டு போனார்கள். பிரேக் சரிசெய்ய வந்த ஒருவர், வேலை முடிவதற்குள் செவுளைப் பற்றி முழுப்பாடத்தையும் கேட்டுவிட்டார். அவர் பாவம், ஓடவும் முடியாது. சைக்கிள் கடைக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பெல்லு தலையைப் படிய வாரிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தாள். கையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. முந்தின நாள் மாலையே அதில் தண்ணீர் பிடித்துத் தன் வகுப்பறையில் வைத்திருந்தாள்.

“இந்த டம்ளருக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

“தண்ணி” என்றது வகுப்பு.

“கிட்ட வந்து பாருங்க.”

பிள்ளைகள் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி வந்து பார்த்தார்கள். டம்ளரின் உட்புறத்தில் கடுகைவிடச் சின்னதாக நிறையக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் காற்றும் கலந்து இருக்கிறது, அதுதான் இப்படிக் குமிழியாக வந்து ஒட்டியிருக்கிறது என்று பெல்லு விளக்கினாள். பிள்ளைகளின் வாய் மீன் வாயைப் போலவே திறந்துகொண்டது.

அப்புறம் அவள் மீனின் படத்தை வரைந்தாள். கன்னத்துப் பக்கம் இருக்கும் மூடியைக் காட்டினாள். அந்த மூடிக்குக் கீழே சிவப்பாக, மெல்லிய இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும், அதற்குப் பெயர் செவுள் என்றாள். மீன் வாயால் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீர் அந்தச் செவுள் இதழ்களைத் தொட்டுக்கொண்டே வெளியே போகும். அப்போது தண்ணீரில் இருக்கும் காற்றைச் செவுள் எடுத்துக்கொள்ளும். இதை அவள் கையை மூடி மூடித் திறந்து நடித்துக் காட்டினாள். ஒன்றாம் வகுப்பு முழுவதும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு செவுளை ஆட்டியது.

இந்த இடத்தில் பெல்லுவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. படித்துக்கொண்டு வந்ததோடு நிறுத்தாமல், சைக்கிள் கடையையும் பாடத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

“சைக்கிள் டயருக்குள்ள காத்து இருக்குல்ல? அது மாதிரிதான் தண்ணிக்குள்ளயும் காத்து இருக்கு. டயர்ல காத்து எறங்கிட்டா சைக்கிள் படுத்துக்கும். தண்ணியில காத்து எறங்கிட்டா மீன் படுத்துக்கும்.”

பிள்ளைகள் ‘ஓ’ என்றார்கள். முன்வரிசையில் இருந்த பட்டாணி மட்டும் ‘ஓ’ சொல்லவில்லை. வகுப்பிலேயே சின்னப் பெண் அவள்தான். உருண்டை முகமும் உருண்டைக் கண்ணுமாக இருப்பாள் என்பதால் டீச்சரே வைத்த பெயர் அது. அவள் கையைத் தூக்கினாள்.

“அக்கா, தண்ணிக்குள்ள கொஞ்சூண்டு காத்துதானே இருக்கு. வெளியில எவ்ளோ காத்து இருக்கு. அப்ப மீன் வெளியில வந்தா ஏன் செத்துப் போகுது?”

பெல்லு வாயைத் திறந்தாள். அதில் எப்போதும் தயாராக இருக்கும் பதில் அன்றைக்கு இல்லை. அவள் படித்த எதிலும் இந்தக் கேள்வி வரவில்லை. மென்று விழுங்கி, “அது... மீனுக்கு அப்படித்தான்” என்றாள். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்துப் பள்ளி மணி அடித்தது.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிடும் வேலையாக வாசலுக்குப் போனார். பெல்லுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பட்டாணியின் கேள்வி நடுவில் ஒரு கல்லைப் போல உறுத்தினாலும், அதைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனாள். தான் எடுத்த பாடத்தை அன்று மாலையே அம்மாவிடம் முதலிலிருந்து கடைசிவரை நடித்துக் காட்டினாள். மறுநாள் மறுபடியும் நடித்துக் காட்டினாள்.

“போதும்டி. இன்னொரு தடவை கேட்டா எனக்கே செவுள் முளைச்சிடும்” என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காலை. ஐந்தாம் வகுப்பில் பாடம் தொடங்கும் முன்பே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூச்சு வாங்க ஓடி வந்தது. மீனுக்கு என்னவோ ஆகிவிட்டது, பெல்லு அக்காவை டீச்சர் உடனே வரச் சொன்னார் என்று சொல்லிவிட்டு, அழவும் ஆரம்பித்தது.

பெல்லு ஓடினாள். தொட்டியைச் சுற்றி வகுப்பே நின்றுகொண்டிருந்தது. கறுப்பு வால் மீன் தொட்டியின் அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மற்ற மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, இரையும் அதிகம் போடவில்லை, என்ன ஆனது என்றே தெரியவில்லை என்றார்.

பெல்லு தொட்டியருகே குனிந்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஒன்று அவளுக்கு விநோதமாகப் பட்டது. மேலே வந்த மீன்கள் இங்கும் அங்குமாக நிற்கவில்லை. எல்லாம் ஒரே மூலையில் போய் முட்டிக்கொண்டிருந்தன. தொட்டி இவ்வளவு அகலமாக இருக்கும்போது அந்த ஒரு மூலையில் மட்டும் என்ன இருக்கிறது?

அவள் கம்பி வலை மூடியைத் தூக்கினாள். விரலை நீட்டித் தண்ணீரைத் தொட்டாள். விரல் நனையவில்லை.

தண்ணீரின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் விரிந்து கிடந்தது. நோட்டுகளுக்கு அட்டை போடும் கண்ணாடி மாதிரியான தாள். சுற்றிலும் டேப் போட்டு, தொட்டியின் விளிம்போடு ஒட்டியிருந்தது. தாள் தொய்ந்து தண்ணீரோடு ஒட்டிக்கொண்டதால் அது அங்கே இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு மூலையில் மட்டும் டேப் விட்டுப்போய் இடைவெளி இருந்தது. மீன்கள் முட்டிக்கொண்டிருந்த மூலை அதுதான்.

பெல்லு தாளைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தாள். அது மட்டும் போதாது என்று தோன்றியது. தண்ணீருக்குள் சீக்கிரம் காற்று போக வேண்டும். அம்மாவின் கடைக்கு ஓடிப்போய்க் காற்றடிக்கும் பம்பைக் கொண்டுவரலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஆனால் பம்புக்குள் எண்ணெய் இருக்கும். அது தண்ணீரில் படலமாகப் படிந்தால் இன்னும் மோசமாகிவிடும்.

“டீச்சர், ஒரு மக் குடுங்க” என்றாள்.

தொட்டித் தண்ணீரையே மக்கில் மொண்டு, கையை உயரத் தூக்கி, மெல்லிய தாரையாகத் திரும்பத் தொட்டிக்குள் ஊற்றினாள். தண்ணீர் விழுந்த இடத்தில் குமிழிகள் கிளம்பின. மொண்டாள், ஊற்றினாள். கை வலித்தபோது டீச்சர் வாங்கிக்கொண்டார். அப்புறம் பிள்ளைகள் நாற்காலியில் ஏறி, ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஊற்றினார்கள். தண்ணீர் பாதி தொட்டிக்குள்ளும் பாதி அவர்கள் சட்டையிலும் விழுந்தது.

மூலையில் முட்டிக்கொண்டிருந்த மீன்கள் மெல்லக் கலைந்து நீந்தத் தொடங்கின. கறுப்பு வால் மட்டும் அசையவில்லை. பெல்லு மக்கைத் திரும்ப வாங்கி ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கறுப்பு வாலின் செவுள் மூடி ஒருமுறை தூக்கிப் படிந்தது. பிறகு இன்னொரு முறை. பிறகு அது தள்ளாடியபடியே நிமிர்ந்து நின்றது.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியையே வந்துவிட்டார்.

அவர் நனைந்த தரையைப் பார்த்தார். மேசையில் கிடந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார். நடந்ததை டீச்சரிடம் கேட்டுக்கொண்டார். பிறகு, “இதை ஒட்டினது யாரு?” என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெல்லுவின் பார்வை டேப்பின்மேல் விழுந்தது. அது நட்சத்திரம் நட்சத்திரமாக அச்சடித்த டேப். அந்த டேப் யாருடைய பெட்டியில் இருக்கும் என்று வகுப்புக்கே தெரியும். பட்டாணி பெஞ்சுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

பெல்லு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக, உண்மையாகவே மெல்லப் பேசினாள்.

“ஏன்டா கண்ணு ஒட்டினே?”

பட்டாணி மூக்கை உறிஞ்சினாள். “நீங்கதானே சொன்னீங்க, காத்து எறங்கிட்டா மீன் படுத்துக்கும்னு. ரெண்டு நாள் லீவு. காத்து எறங்கிப் போனா யாரு வந்து அடிப்பா? அதான் டீச்சர் வாசலுக்குப் போனதும் நாற்காலியில ஏறி, காத்து வெளிய போகாம ஒட்டினேன்.”

பெல்லுவுக்குச் சுரீர் என்றது. பட்டாணி விஷமம் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பி, மீனின்மேல் இருந்த பாசத்தில் பஞ்சர் ஒட்டியிருக்கிறாள். வகுப்பில் பாடத்தை எல்லாரையும்விட நன்றாகக் கவனித்தவள் அவள்தான். பாடத்தில்தான் ஓட்டை இருந்தது.

அவள் எழுந்து தலைமையாசிரியை முன்னால் போய் நின்றாள்.

“டீச்சர், தப்பு என்னோடது. நான்தான் தண்ணியை டயரோட சேத்துச் சொன்னேன். டயர்ல காத்தை அடைச்சு வைக்கணும். தண்ணியில அடைக்கக் கூடாது, மேல தொறந்து இருக்கணும். அதை நான் சொல்லல. அவங்க நான் சொன்னபடிதான் செஞ்சாங்க.”

ஒப்புக்கொண்டது நல்லது என்றார் தலைமையாசிரியை. ஆனால் தப்பை ஒப்புக்கொண்டதால் மட்டும் மீன் பிழைத்துக்கொள்ளாது, இந்தப் பிள்ளைகளுக்கு மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் தொட்டி இங்கே இருக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்குத் தானே வருவதாகவும், கேள்விகளைத் தானே கேட்கப்போவதாகவும் சொன்னார்.

“பதில் இவங்க சொல்லணும். நீ சொல்லக் கூடாது” என்று பெல்லுவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பெல்லுவை ஒரு நாள் முழுக்கப் பேசச் சொன்னால் பேசுவாள். மலையைப் பார்த்துக்கூடப் பேசுவாள். பேசாமல் இரு என்றால் என்ன செய்வாள்? அந்த வாரம் பாடம் எடுக்கவேண்டிய பையனிடம் போய், அவன் முறையை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கெஞ்சினாள். எறும்புகளைப் பற்றிப் பாடம் வைத்திருந்த அவன், வெள்ளிக்கிழமையை நினைத்து ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாமல் இருந்தான். கேட்டு முடிப்பதற்குள் விட்டுக்கொடுத்தான்.

அன்று முதல் மதிய இடைவேளைகளில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொள்ள டீச்சர் அனுமதி கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அவள் தொட்டியைவிட்டு அறையைக் காட்டினாள். இந்த அறையில் இவ்வளவு பேர் மூச்சு விடுகிறோமே, புதுக் காற்று எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டாள். பிள்ளைகள் ஜன்னலைக் காட்டினார்கள். மீன் வீட்டுக்கு ஜன்னல் எது என்று கேட்டாள். பிள்ளைகள் தொட்டியின் நான்கு கண்ணாடிகளையும் தட்டிப் பார்த்தார்கள். எதுவும் திறக்கவில்லை. கடைசியில் பட்டாணிதான் நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்து, “மேல” என்றாள்.

மேல்பக்கம் திறந்திருக்கும் தண்ணீர்தான் மீன் வீட்டு ஜன்னல். மீன் எடுத்துக்கொண்ட காற்றுக்குப் பதிலாகப் புதுக் காற்று அந்த வழியாகத்தான் தண்ணீருக்குள் கலக்கும். அதை நான் சாத்திட்டேனா என்று பட்டாணி கேட்டாள். நான்தான் சாத்தச் சொன்னேன், இப்போது திறந்துவிட்டோம் என்றாள் பெல்லு. பட்டாணி முகத்தில் அன்றுதான் சிரிப்பு திரும்ப வந்தது.

ஆனால் அந்தப் பழைய கேள்வி இன்னும் அப்படியே இருந்தது. வெளியே இவ்வளவு காற்று இருக்கிறதே, மீன் ஏன் வெளியே வந்தால் மூச்சுத் திணறுகிறது? ‘மீனுக்கு அப்படித்தான்’ என்று இன்னொரு முறை சொல்ல பெல்லுவுக்கு மனம் வரவில்லை. அம்மாவைக் கேட்டாள்.

“நான் மீனுக்கு இதுவரை பஞ்சர் ஒட்டினதில்லடி” என்றாள் அம்மா. “அந்தச் செயினைக் கொஞ்சம் தேய். யோசனை தானா வரும்.”

பெல்லு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் இருந்த டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தாள். பிரஷ்ஷை டப்பாவுக்குள் முக்கினாள். அதன் முடிகள் தனித்தனியாக விரிந்து மிதந்தன. வெளியே எடுத்தாள். எல்லா முடிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒற்றைக் குச்சியைப் போல ஆகிவிட்டன. மறுபடி முக்கினாள், விரிந்தன. எடுத்தாள், ஒட்டிக்கொண்டன.

செயின் அப்படியே கிடந்தது. பெல்லு பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய இதழ்கள், அடுக்கடுக்காக, என்று அவள் வாய் முணுமுணுத்தது. அடுத்த நொடி அவள் போட்ட கூச்சலில் அம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அறிவியல் டீச்சரிடம் போய், தான் நினைத்தது சரிதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். அதன்பிறகு ஒன்றாம் வகுப்பில் ஓவியப் பிரஷ்களும் தண்ணீர்க் கிண்ணங்களுமாக ஒரே அமர்க்களம். பெல்லு ஒன்றையும் சொல்லித் தரவில்லை. பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டாள். பதில் நாக்கு நுனிவரை வந்துவிடும். அதை அவள் கடித்துப் பிடித்துக்கொண்டாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்குத் தலைமையாசிரியை வந்தார். ஒன்றாம் வகுப்பு நாற்காலி அவருக்கு முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் எப்படியோ உட்கார்ந்துகொண்டார். பெல்லு சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொட்டி இங்கேயே நிலைக்குமா, தலைமையாசிரியை அறைக்குப் போய்விடுமா என்பது இனி அவள் கையில் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைகளின் வாயில் இருந்தது.

மீன் எதால் மூச்சு விடுகிறது என்று தலைமையாசிரியை கேட்டார். செவுள் என்று ஒரு பையன் சொன்னான். காற்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒரு பெண் தண்ணீர் டம்ளரில் ஒட்டியிருந்த குமிழிகளைக் காட்டினாள். தலைமையாசிரியை தலையசைத்தார். பெல்லுவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு அவர் தன் கையில் இருந்த கெட்டி அட்டையை எடுத்தார். தொட்டிக்குள் தூசி விழுகிறதே, பாவம் மீன்கள், இதைப் போட்டு இறுக்கமாக மூடிவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே மேசைப் பக்கம் நடந்தார். அவர் கேட்ட குரலில் அத்தனை அக்கறை இருந்தது. தலைமையாசிரியை சொன்னால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பெல்லுவுக்குத் தொண்டைவரை சத்தம் வந்து நின்றது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

அட்டை தொட்டியின்மேல் இறங்கியது.

“ஜன்னலைச் சாத்தாதீங்க!”

பட்டாணி பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தாள். உடனே வகுப்பு முழுவதும் எழுந்து, “ஜன்னல், ஜன்னல்” என்று கத்தியது. எந்த ஜன்னல் என்று தலைமையாசிரியை கேட்டார். பட்டாணி இறங்கி வந்து, அட்டையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

“இதுதான் மீன் வீட்டு ஜன்னல். இது வழியாத்தான் புதுக் காத்து உள்ள போகும். நான் ஒரு தடவை சாத்திட்டேன். அதான் கறுப்பு வாலுக்கு மூச்சு முட்டிடுச்சு” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “வலை மூடி போடலாம். ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அதுல தூசிதான் கொஞ்சம் விழும், பரவாயில்ல” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

தலைமையாசிரியையின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் அவர் விடவில்லை. குனிந்து பட்டாணியின் உயரத்துக்கு வந்து, காற்றுதான் வேண்டும் என்றால் வெளியே நிறைய இருக்கிறதே, மீனை எடுத்து மேசையில் விட்டால் இன்னும் நன்றாக மூச்சு விடுமே என்றார்.

பெல்லு கண்ணை மூடிக்கொண்டாள். பட்டாணி கேட்ட அதே கேள்வி.

பட்டாணி அவசரப்படவில்லை. ஓவியப் பிரஷ்ஷையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்து வந்து தலைமையாசிரியை முன்னால் வைத்தாள். பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்தாள்.

“முக்குங்க.”

தலைமையாசிரியை முக்கினார்.

“என்ன தெரியுது?”

கேட்ட தோரணை அப்படியே பெல்லுவுடையது. முடிகள் விரிகின்றன என்றார் தலைமையாசிரியை. வெளியே எடுக்கச் சொன்னாள். எடுத்தார். ஒட்டிக்கொண்டன என்றார்.

“மீனோட செவுளும் இப்படித்தான். தண்ணிக்குள்ள இருந்தா விரிஞ்சு இருக்கும், காத்தை எடுத்துக்கும். வெளியில வந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் காஞ்சிடும். காத்து எவ்ளோ இருந்தாலும் எடுக்க முடியாது” என்றாள் பட்டாணி. “புரிஞ்சுதா, இல்ல இன்னொரு தடவை செஞ்சு காட்டட்டுமா?”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. நிஜமாகவே இன்னொரு தடவை பிரஷ்ஷை முக்கி எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது, தொட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். வகுப்பு குதித்த குதியில் தொட்டித் தண்ணீரே ஆடியது. கறுப்பு வால் எதையும் கண்டுகொள்ளாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

வாசலுக்குப் போகும் வழியில் தலைமையாசிரியை பெல்லுவின் முன்னால் நின்றார். அவள் தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனார்.

பெல்லு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். போன வெள்ளிக்கிழமை தன் குரலைத் தானே கேட்டு மகிழ்ந்ததைவிட, இன்று பட்டாணியின் குரலைக் கேட்டது பல மடங்கு இனித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாராவது பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டாள். ஆனால் பட்டாணி பார்த்துவிட்டாள். ஓடி வந்து, மிச்சம் இருந்த நட்சத்திர டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, பெல்லுவின் சட்டைப் பையின்மேல் ஒட்டிவிட்டாள்.

அன்று மாலை பெல்லு அந்த நட்சத்திரத்தோடு கடைக்கு வந்தாள். அம்மா ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் எப்படிப் போனது, என்னென்ன பேசினாய் என்று கேட்டாள். ஒன்றுமே பேசவில்லை என்றாள் பெல்லு. அம்மா சக்கரத்தை நிறுத்தினாள். கிரீஸ் படாத புறங்கையால் மகளின் நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

“நிஜமாம்மா. ஒரு வார்த்தை பேசல. எல்லாத்தையும் அவங்களே சொன்னாங்க, நான் வாயே தொறக்கல” என்றாள் பெல்லு.

அதை அவள் சொன்னது தெருமுனைவரை கேட்டது.